குடல் சோதனையும் குருட்டு நம்பிக்கையும்

மோகனூர்த் தோழர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். வயது ஐம்பத்தைந்து, கரும்பு விவசாயம். ஒரு பட்டணத்து ஆஸ்பத்திரி அச்சடித்து வினியோகித்த விளம்பரம் அது. ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் பெருங்குடலில் குழாய் விட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும், அலட்சியம் செய்கிறவர்கள் பின்னால் வருந்த நேரிடும் என்றும், மாதம் முடிவதற்குள் வந்தால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்றும் அதில் கண்டிருந்தது.

"ஏனுங்க, எனக்கு வயித்துல ஒரு கோளாறும் இல்லீங்க. கரும்புப் பணம் கையில இருக்குது. போய்ப் பாத்துக்கலாமுங்களா? பாக்காம உட்டா பகுத்தறிவு இல்லாதவன்னு ஆயிடுமுங்களா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆனால் அவரோடு வந்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்திரண்டு. காப்பி குடித்து, மற்றவர் எழுந்து வெளியே போன பிறகுதான் மெள்ள வாயைத் திறந்தார். அவருக்கு எட்டு மாதமாக மலத்தில் ரத்தம் போகிறது. சுவரில் "மூலம், பவுத்திரம்" என்று எழுதி வைத்திருக்கும் வைத்தியர் ஒருவரிடம் இரண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டார். அது நிற்கவில்லை என்றதும் நாவலடியான் கோயிலில் சீட்டு எழுதிக் கட்டினார். வீட்டில் மனைவிக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

ஆகவே, சோதனை எவருக்கு அவசியமில்லையோ அவர் கையில் விளம்பரமும், எவருக்கு அவசியமோ அவர் கையில் கோயில் சீட்டும் இருந்தன. இந்த விபரீதத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம்.

முதலில் விஷயம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். கொலனோஸ்கோபி என்பது விரலளவு பருமனுள்ள, வளையக்கூடிய ஒரு குழாயின் முனையில் விளக்கும் காமிராவும் வைத்து, ஆசனவாய் வழியாகப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. குடலின் உட்புறத்தில் சிலருக்குச் சிறு சதை முளைகள் தோன்றும். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. சில மாத்திரம் வளர்ந்து வளர்ந்து, ஏறக்குறைய பத்து வருஷ காலத்தில் புற்றாக மாறும். குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருக்கை விட்டு அந்த முளையை அங்கேயே அறுத்து எடுத்துவிடலாம். ஆகையால் இது நோயைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், வருமுன் தடுக்கவும் கூடியது. இது அருமையான வேலை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு காரியம் அருமையானது என்பதாலேயே எல்லோருக்கும் வேண்டியது என்று ஆகிவிடுமா? எவ்வளவு பேருக்குச் செய்தால் எவ்வளவு பேருக்குப் பலன், எவ்வளவு பேருக்குக் கெடுதி என்று கேட்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு. அந்தக் கேள்வியைக் கோயிலில் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் கேட்க மறந்தால் புரோகிதனை மாற்றிக்கொண்டவர்கள் ஆவோமேயொழிய வேறல்ல.

கணக்கு இருக்கிறது. போலந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 55 முதல் 64 வயது வரையுள்ள 84,585 பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் குழாய்ச் சோதனைக்கு அழைத்தார்கள். பத்து வருஷம் பொறுத்து முடிவை 2022-ல் வெளியிட்டார்கள். அழைக்கப்படாத 10,000 பேரில் 120 பேருக்குப் பெருங்குடற் புற்று வந்தது. அழைக்கப்பட்ட 10,000 பேரில் 98 பேருக்கு வந்தது. அந்த நோயால் இறந்தவர்கள் முன்னதில் 31, பின்னதில் 28. சாவில் உள்ள இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்று நடத்தியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்தரப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேரே வந்தார்கள். அழைத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணித்ததில், நோய் 10,000-க்கு 122-லிருந்து 84 ஆகவும், சாவு 30-லிருந்து 15 ஆகவும் குறைந்திருக்கும் என்று கண்டார்கள். பாதி சாவு குறைவது சின்ன விஷயமல்ல.

இந்தச் சீட்டுக் குலுக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கொங்கு நாட்டில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூப்போட்டுக் கேட்கிறார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எது கைக்கு வருகிறதோ அதுவே சாமியின் உத்தரவு. அந்த ஆராய்ச்சிக்காரர்களும் தற்செயலைத்தான் உபயோகித்தார்கள். ஆனால் அதனிடம் விடை கேட்கவில்லை. பணக்காரன், படித்தவன், உடம்பைப் பேணுகிறவன் எல்லாம் ஒரே பிரிவில் போய்ச் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடாமலிருக்கக் குலுக்கினார்கள். விடையைப் பத்து வருஷம் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நம்மவர்களோ குலுக்கிய அந்த நிமிஷமே எழுந்து போய்ப் பந்தல் போட்டுவிடுகிறார்கள்.

நிற்க, கெடுதியைப் பார்ப்போம். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2021-ல் தொகுத்த கணக்குப்படி, நோய்க்குறி இல்லாதவர்கள் 10,000 பேருக்குக் குழாய் விட்டால் சுமார் 15 பேருக்குப் பெரிய ரத்தப்போக்கும், சுமார் 3 பேருக்குக் குடலில் ஓட்டையும் ஏற்படுகின்றன. ஓட்டை விழுந்தால் பலருக்கு வயிற்றை அறுத்துத் தைக்க வேண்டிவரும். மேலே சொன்ன ஐரோப்பிய ஆராய்ச்சியில் ஓட்டை ஒருவருக்கும் விழவில்லை, 15 பேருக்கு ரத்தப்போக்கு மட்டுமே. செய்கிற கையின் தேர்ச்சியைப் பொறுத்தும் இது மாறக்கூடும். தள்ளுபடி விளம்பரத்தில் டாக்டர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எத்தனை பேருக்குக் கெடுதி நேர்ந்தது என்று போட்டிருக்கிறதா? இல்லை. அன்றியும், முதல் நாள் முழுதும் பட்டினி, படி படியாகப் பேதி மருந்து, மயக்க மருந்து, துணைக்கு ஓராள், இரண்டு நாள் கூலி நஷ்டம். இருதயமும் சிறுநீரகமும் பலவீனமான கிழவர்களுக்குப் பேதி மருந்தே ஆபத்தாகலாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நார்வேயில் வருஷத்துக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய 40 பேருக்கு இந்நோய் வருகிறது. இந்தியாவில் வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் சுமார் 5 பேருக்குத்தான் பதிவாகிறது. கிராமத்துச் சாவெல்லாம் பதிவாவதில்லை என்பதும், பட்டணங்களில் இந்நோய் கூடிவருகிறது என்பதும் உண்மையே. இருந்தாலும் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, நம் நாட்டில் 10,000 பேர் குழாய் விட்டுக்கொண்டால் பத்து வருஷத்தில் சுமார் 5 பேருக்கு நோயும், 2 பேருக்குச் சாவும் தப்பும் என்று ஆகிறது. கணக்கு கரடுமுரடானதுதான். ஆனால் ரத்தப்போக்கு 15, ஓட்டை 3 என்பது நம் நாட்டுக்கு வந்ததற்காக எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடாது.

"என் சம்பந்தி குழாய் விட்டுப் பார்த்தார், முளை இருந்தது, எடுத்தார்கள், பிழைத்தார்" என்று சிலர் சாட்சி சொல்லுகிறார்கள். அந்த முளை அப்படியே இருந்திருந்தாலும் அவரை ஒன்றும் செய்யாமல் போயிருக்கக்கூடும் என்பதை அவர் அறியமாட்டார், டாக்டரும் அறியமாட்டார். நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள் எல்லோரும் வேண்டுதல் பலித்தவர்களாகவே இருக்கிறார்கள். பலிக்காதவன் கிடா வெட்ட வருவதில்லை. கோயில் சாட்சியில் உள்ள ஓட்டை ஆஸ்பத்திரிச் சாட்சியிலும் இருக்கிறது.

படித்த மேல்நாட்டார்கூட இதில் ஒருமனப்படவில்லை. அமெரிக்கக் குழு 45 வயதிலிருந்தே சோதனை வேண்டுமென்கிறது. குழாயை அதற்கு ஒரு வழியாக வைத்திருக்கிறது. கனடா நாட்டுக் குழு 2016-ல், எடுத்த எடுப்பில் குழாய் வேண்டாம், மலச் சோதனை செய்யலாமென்றது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது அது. குச்சியில் கொஞ்சம் தொட்டு ஒரு சிறு குப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ரத்தம் இருந்தால் மட்டும் குழாய். ஜப்பானில் 1992 முதல் இதைத்தான் செய்துவருகிறார்கள். ஸ்பெயினில் 57,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2025-ல் வந்தது. பத்து வருஷத்தில் மலச் சோதனைப் பிரிவின் சாவு குழாய்ப் பிரிவின் சாவைவிட மோசமாக இல்லை. அப்படியிருக்க, குப்பியைப் பற்றி விளம்பரம் எவனும் ஒட்டுவதில்லை. ஏன் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால், இவ்வளவும் நோய்க்குறி இல்லாதவர்களைப் பற்றிய கணக்கு. இதைப் படித்துவிட்டு, "குழாயே வேண்டாமென்று பத்திரிகையில் போட்டிருக்கிறது" என்று நாற்பத்திரண்டு வயதுக்காரர் வீட்டோடு இருந்துவிட்டால் நாம் பெரிய துரோகம் செய்தவர்கள் ஆவோம். மலத்தில் ரத்தம், மலம் போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தல், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், ரத்தசோகை, தாய் தகப்பன் உடன்பிறந்தாருக்கு இந்த நோய் இருந்திருத்தல் என்று ஏதாவது இருப்பவருக்கு மேற்சொன்ன தராசு அடியோடு மாறிவிடும். அவருக்குக் குழாயின் ஆபத்து சிறியது, பார்க்காமலிருப்பதன் ஆபத்து பெரியது. அதிலும் நம் நாட்டில் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு இந்நோயோடு வருகிறவர்களில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஏராளம். நோய் முற்றிய பிறகே வருகிறவர்களும் ஏராளம்.

ஏன் முற்றிய பிறகு வருகிறார்கள்? வெட்கம். நம் தேசத்தில் மலம் என்பது ஒரு ஜாதியார் தலையில் சுமக்க வேண்டிய பொருளாகவும், மற்றவர்கள் பேச்சிலும் தொடக்கூடாத பொருளாகவும் வைக்கப்பட்டது. அதை அள்ளினவனைத் தீண்டாதவன் ஆக்கினார்கள். அதன் பலன் என்ன? தன் மலத்தைத் தான் திரும்பிப் பார்ப்பதும் கேவலம், அதில் ரத்தமிருந்தால் வாய்விட்டுச் சொல்லுவது அதைவிடக் கேவலம் என்று ஆகிவிட்டது. தீண்டாமை, அதை உண்டாக்கினவன் குடலையும் சும்மா விடவில்லை. மூல வைத்தியன் பிழைப்பதும் இந்த வெட்கத்தைக் கொண்டுதான். மூலம் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லா ரத்தத்தையும் மூடி மறைத்துவிடுகிறான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தம் தங்கையைப் பறிகொடுத்தார். மலக்குடலில் புற்று, முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு டாக்டர் வீட்டிலேயே இப்படி நேர்ந்தது. அந்தத் துக்கத்தை அந்த அம்மையார் சும்மா விடாமல், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக ஆக்கினார். தேவதாசி முறையை எதிர்த்தவர் என்று மட்டும் அவரை அறிந்திருப்பவர்கள் இதையும் அறிய வேண்டும். பெரியாரையும் நினைத்துப் பாருங்கள். கடைசி வருஷங்களில் சிறுநீருக்குக் குழாய் பொருத்திக்கொண்டு, அதற்கான பாத்திரத்தையும் கூடவே வைத்துக்கொண்டு ஊர் ஊராய் வந்து பேசினார். 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் பேசின கடைசிப் பேச்சு வரையில் அப்படித்தான். அவர் கூட்டங்களுக்குப் போனதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறவர்கள், டாக்டரிடம் "ரத்தம் போகிறது" என்று சொல்ல வெட்கப்படலாமா?

சர்க்காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-ல் இந்திய சர்க்கார் வகுத்த திட்டத்தில் வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கே 30 வயது முதல் சோதனை, பெருங்குடல் சேரவில்லை. நம் நாட்டு நிலைமைக்கு அது சரியென்றே நாம் கருதுகிறோம். இருக்கிற பணத்தையும் டாக்டரையும் அதிகம் பேரைக் கொல்லும் நோயில்தான் முதலில் போட வேண்டும். ஆனால் 2021 ஆகஸ்டில் நம் மாகாணத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கி, ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடிப் பெண்கள் வருகிறார்கள். "மலத்தில் ரத்தம் போகிறதா?" என்று கூட ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் சர்க்காருக்குக் காலணா செலவில்லை. போகிறது என்கிறவர்களுக்கு, 2022-ல் திறந்த நாமக்கல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நாள் தள்ளாமல் குழாய்ச் சோதனை கிடைக்க வேண்டும். பணக்காரனுக்குத் தேவையில்லாமலும் ஏழைக்குத் தேவைக்கும் கிடைக்காமலும் இருப்பதுதான் நாம் ஆட்சேபிக்கிற விஷயம்.

கரும்புக்காரத் தோழருக்கு நாம் சொன்ன பதில் இது: "உங்கள் வீட்டில் யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை, உங்களுக்கும் குறி ஒன்றுமில்லை. மனம் கேட்கவில்லையானால் மலச் சோதனை செய்துகொள்ளுங்கள். அதில் ரத்தம் தெரிந்தால் குழாய்க்குப் போங்கள். எல்லாம் கேட்டறிந்த பின்னும் குழாய்தான் வேண்டுமென்றால் அது உங்கள் உடம்பு, உங்கள் இஷ்டம், தள்ளுபடிக்காகப் போகாதீர்கள்." அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் முடிவு செய்யவில்லை போலும்.

மற்றவரை மறுநாளே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் பஸ்ஸில் பேசவேயில்லை. வரிசையில் நிற்கும்போது மட்டும், "ஊருல ஆராச்சும் பாத்துட்டாங்கன்னா என்னங்க சொல்றது?" என்று கேட்டார். சரியாகப் பன்னிரண்டாம் நாள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூலம் இருந்தது உண்மைதான். அதற்கு மேலே மலக்குடலில் பெரிய முளை ஒன்றும் இருந்தது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வருகிற செவ்வாய்க்கிழமை தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத் தம்மோடு மனைவியும் வருவதாக அவர் சொல்லியனுப்பியிருக்கிறார்.