சுங்கத்தார் கண்ட கறை!

காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையிலே சுங்கம் வாங்கியவர்களைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. கடல்வழி வந்திறங்கிய பொதிகள் ஒருபுறம், கலமேறக் காத்திருந்த பொதிகள் மறுபுறம். அத்தனைக்கும் சோழனின் புலி முத்திரையைப் பொறித்து, நாள்தோறும் ஓய்வறியாது உழைத்தனர் அந்தச் சுங்கத்தார். பொதியின் மேல் புலி இருந்தால் போதும், போகலாம் பொருள்! பொதிக்குள்ளே இருந்த பண்டத்தை உண்டாக்கியவன் உண்டானா, உறங்கினானா, உதைபட்டானா என்று அந்தப் புலி கேட்டதில்லை.

புலி மட்டுமா கேட்கவில்லை? அதற்குப் பிறகு வந்த அரசுகளின் சிங்கங்களும் கழுகுகளும் கூடக் கேட்கவில்லை. என்ன பொருள்? என்ன விலை? எந்த நாட்டிலிருந்து? உலகத்துச் சுங்கச் சாவடிகளெல்லாம் காலங்காலமாகக் கேட்டு வந்த கேள்விகள் இந்த மூன்றுதான். "இதைச் செய்தவர் யார்? எப்படிச் செய்விக்கப்பட்டது?" என்ற நான்காவது கேள்வி, வாணிபத்துக்கு வேண்டாத கேள்வி என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அந்த நான்காவது கேள்வியைக் கேட்க அதிகாரம் படைத்த ஒரு நாற்காலி வாஷிங்டனிலே இருக்கிறது. அமெரிக்கச் சுங்கம், எல்லைக் காவல் துறையின் ஆணையர் அமரும் நாற்காலி அது. அதிபர் பெயர் குறிப்பார், செனட் சபை ஒப்புதல் தரும், அதன் பிறகே அதில் அமர முடியும். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள், முந்நூறுக்கு மேற்பட்ட நுழைவாயில்கள் அவர் ஆணையின் கீழ். வாணிபத்தைக் கவனிக்கவென்றே அவருக்குக் கீழே தனியாக ஓர் உயர் அதிகாரி.

வாஷிங்டன் நாற்காலிக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். உறவு உண்டு. 2022-ஆம் ஆண்டு அந்தத் துறை பிறப்பித்த ஓர் ஆணை, கடல் கடந்து, மலை கடந்து, திண்டுக்கல் பக்கத்துத் தையல் பொறிகளின் முன்னே வந்து நின்றது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில், அந்த அதிகாரம் பிறந்த கதை.

1930-ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று அமெரிக்காவின் காப்பு வரிச் சட்டம் கையெழுத்தானது. அதன் 307-ஆம் பிரிவு, கைதிகளின் உழைப்பாலோ, கட்டாய உழைப்பாலோ, தண்டனை மிரட்டி வாங்கும் ஒப்பந்த உழைப்பாலோ, முழுதாகவோ பகுதியாகவோ அயல்நாட்டில் உண்டான பொருள் அமெரிக்க மண்ணிலே இறங்கக் கூடாது என்றது. ஆகா, என்ன கருணை என்று அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம்! அது காப்பு வரிச் சட்டம். கூலி கொடாமல் செய்த சரக்கு வந்தால் தம் நாட்டு முதலாளியின் சரக்கு விலை போகாதே என்ற கவலையே அதன் தாய். கருணை, அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது.

அந்த விருந்தாளியையும் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். எப்படி? "அமெரிக்கரின் தேவைக்குப் போதுமான அளவு உள்நாட்டில் உற்பத்தியாகாத பொருளானால் இந்தத் தடை இல்லை" என்று ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் விளையாத பொருளா? அடிமை விளைவித்தாலும் வரட்டும்! இதுதான் அந்த விலக்கின் பொருள். இந்த ஓட்டை 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேதான், அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால் அடைக்கப்பட்டது. எண்பத்தைந்து ஆண்டுகள்! 2000-த்துக்குப் பிறகு 2016 வரை அந்தப் பிரிவின் கீழ் ஒரு தடையாணைகூடப் பிறக்கவில்லை. வாள் இருந்தது, உறையிலே. உறை இருந்தது, பரணிலே.

இப்போது வாள் வெளியே வந்திருக்கிறது. அது வெட்டும் விதத்தைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ன ஆலையில் கட்டாய உழைப்பு நடக்கிறது என்று எவர் வேண்டுமானாலும் அந்தத் துறைக்கு மனுச் செய்யலாம். முடிவான மெய்ப்பு வேண்டியதில்லை. நியாயமாக ஐயுறத்தக்க செய்தி கிடைத்தால் போதும், ஆணையர் தடையாணை பிறப்பிக்கலாம். பிறப்பித்த நாளிலிருந்து அந்த ஆலையின் சரக்கு துறைமுகத்திலேயே நிறுத்தப்படும். இறக்குமதி செய்தவர் மூன்று மாதத்துக்குள் "இதில் கட்டாய உழைப்பு இல்லை" என்று ஆதாரம் காட்ட வேண்டும். இல்லையேல் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும். நீதிமன்றத்திலே குற்றம் சாட்டுபவன் மெய்ப்பிக்க வேண்டும். இந்த வாசலிலோ சரக்குக்காரன் மெய்ப்பிக்க வேண்டும்.

அந்த வாள் கூலிக்காரனுக்குப் பயன்பட்டதுண்டா? உண்டு. 2020 ஜூலையில், மலேசியாவின் டாப் குளோவ் என்ற கையுறை நிறுவனத்தின் சரக்குக்குத் தடை வந்தது. உலகமே தொற்று நோயால் நடுங்கிக் கையுறைக்காகக் கையேந்திய நேரம் அது. ஆனால் அந்தக் கையுறைகளைச் செய்த கைகள், நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த ஏழைக் கைகள். வேலை பிடித்துத் தருவதாகச் சொன்ன தரகர்களுக்குக் கடன்பட்டுக் கொட்டிக் கொடுத்த கைகள். தடை வந்தது, தரகர்களுக்கு அழுத பணத்தைக் கோடிக்கணக்கான ரிங்கிட்டாக நிறுவனம் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுத்தது, அதன் பிறகு, 2021 செப்டம்பரில், தடை நீங்கியது. பூட்டிய கதவொன்று பணப்பெட்டியைத் திறந்த கதை இது.

இனி நம் கதைக்கு வருவோம்.

திண்டுக்கல் வட்டாரத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலை. 2021 ஜனவரியில், அங்கே வேலை செய்த இருபது வயதுப் பெண் ஒருத்தி பிணமாகக் கிடந்தாள். தாழ்த்தப்பட்ட குடும்பத்திலே பிறந்தவள். படிக்கவும் வேண்டும், பிழைக்கவும் வேண்டும் என்று தையல் பொறியின் முன்னே அமர்ந்தவள். அதே ஆலையின் மேற்பார்வையாளன் ஒருவன் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவளுக்கு நேர்ந்தது அவளோடு முடியவில்லை. கண்ணாலே தொல்லை, கையாலே தொல்லை, வாயைத் திறந்தால் வேலையே தொல்லை என்று அதுவரை விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் மற்றப் பெண்கள் வெளியே சொல்லத் தொடங்கினர்.

யாரிடம் சொன்னார்கள்? வாஷிங்டன் ஆணையரிடமா? இல்லை. தங்கள் சங்கத்திடம் சொன்னார்கள். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். பெண்களே தலைமை ஏற்று நடத்தும் சங்கம். தாழ்த்தப்பட்ட பெண்களே பெரும்பாலோராக நின்ற சங்கம். ஓராண்டுக்கு மேல் போராடினார்கள். நாடு கடந்த தொழிலாளர் அமைப்புகள் துணை நின்றன. இந்தத் துணியை வாங்கி உலகெங்கும் விற்கும் எச் அண்ட் எம் என்ற பெருங்கடை பேச்சுக்கு வந்தது. ஆலையின் உரிமையாளரும் வந்தார். 2022 ஏப்ரலில் "திண்டுக்கல் ஒப்பந்தம்" கையெழுத்தாயிற்று. ஆலைக்குள்ளேயே, தொழிலாளர்களிலிருந்து, சங்கம் தேர்ந்தெடுத்த கண்காணிப்பாளர்கள். தொல்லை கண்டால் உடனே புகார். புகார் சொன்னவளைப் பழிவாங்க முடியாது. ஒப்பந்தத்தை மீறினால் வாங்கும் கடையே ஆலையின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இந்த ஒப்பந்தம் ஏப்ரலில். அமெரிக்கச் சுங்கத்தின் தடையாணை எப்போது? ஜூலை மாத இறுதியில்! நெருப்பை அக்கம்பக்கத்தார் அணைத்த பிறகு, தூரத்து மணியக்காரர் வந்து வீட்டைப் பூட்டிய கதைதான். இத்தனை நாள் ஏங்கியது ஆலைக்குள் நியாயத்துக்காக. அது கிடைத்த நேரத்தில் ஆலைக்கே ஆபத்து! சங்கத்தார் வாளா இருந்தார்களா? இல்லை. ஒப்பந்தத்தையும் அதன்படி நடந்த மாற்றங்களையும் காட்டி, தடையை நீக்குக என்று குரல் கொடுத்தனர். ஆறு வாரத்துக்குள், செப்டம்பரிலே, அந்த ஆலைக்குத் தடை விலகியது.

தோழர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கதவைப் பூட்டும் அதிகாரம் வாஷிங்டனில் இருந்தது. அதைத் திறக்கும் சாவியோ திண்டுக்கல் பெண்களின் கையில் இருந்தது! சங்கமில்லாத ஆலைக்கு இதே தடை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆலைக்காரர் நாலு தாளிலே நாற்பது பொய் எழுதித் தணிக்கைக்காரரைப் பிடித்து ஓடியிருப்பார். அல்லது "அமெரிக்காக்காரன் அடைத்துவிட்டான், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்" என்று கதவைச் சாத்தியிருப்பார். தண்டனை முதலாளிக்கு, பட்டினி தொழிலாளிக்கு!

"அன்னியன் யார் நம்மைக் கேட்க?" என்று மீசை முறுக்குகிறார்கள் சில ஆலை அதிபர்கள். அன்னியனின் யோக்கியதையை நாமும் அறிவோம். 1865-இல் அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக வாங்கும் உழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. அங்கே சிறைகளில் கைதிகள் இன்றும் வேலை வாங்கப்படுகிறார்கள். அயல்நாட்டுக் கைதி செய்த பொருளுக்குத் துறைமுகத்தில் தடை, உள்நாட்டுக் கைதிக்குச் சிறைக்குள்ளே வேலை! அதே 1930 ஜூனிலே ஜெனீவாவில் நிறைவேறிய கட்டாய உழைப்பு ஒப்பந்தத்தை இந்தியா 1954-இல் ஏற்றது. அமெரிக்கா இன்னும் ஏற்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்பவன் வீட்டுக் கொல்லை அது. இதைச் சொல்ல நாம் தயங்கவில்லை.

ஆனால், அன்னியன் வீட்டுக் கொல்லையைக் காட்டி நம் வீட்டுக் குப்பையை மறைக்கலாமா? கட்டாய உழைப்பு கூடாது என்பது அமெரிக்கன் நமக்குக் கற்பித்த பாடமா? நம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்லவில்லையா? 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்லவில்லையா? குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புத்தான் என்று 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைத் தொழிலாளர் வழக்கில், உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லையா? மூன்றாண்டு விடுதியிலே அடைத்து, முடிவில் திருமணச் செலவுக்குத் தொகை தருகிறோம் என்று சொல்லி, ஏழைப் பெண்களை நூற்பாலைக்குக் கொண்டுபோன "சுமங்கலித் திட்டம்" அமெரிக்கன் கட்டிவிட்ட கதையா? மாங்கல்யத்தின் பெயரைச் சொல்லி வைத்த மாட்டுக்கயிறு அல்லவா அது!

சட்டம் இருக்கிறது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குள் நுழைய வேண்டிய ஆய்வாளர் எங்கே? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலே அவருக்குப் புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள்: ஆய்வாளர், அதோடு உதவியாளர்! யாருக்கு உதவி? முதலாளி சட்டப்படி நடக்க ஆலோசனை சொல்லி உதவியாம்! கடலுக்கு அப்பால் வாயிற்காவலனுக்குப் பல் முளைக்கிறது. இங்கே வீட்டுக்காவலனுக்குப் பல்லைப் பிடுங்கிப் பொட்டு வைக்கிறார்கள். உள்ளூர் ஆய்வாளர் உரிய நேரத்தில் கதவைத் தட்டியிருந்தால், வாஷிங்டன் ஆணையர் கதவைச் சாத்த வேண்டிய வேலையே வந்திருக்காது.

இது பழங்கதையும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டம் செய்திருக்கிறது. கட்டாய உழைப்பால் உண்டான பொருள் அங்கே விற்பனைக்கு வரக் கூடாது. சுங்கத்தார் தடுத்து நிறுத்தலாம். 2027 டிசம்பர் 14 முதல் அது செயலுக்கு வருமென்று தேதியும் குறித்துவிட்டார்கள். மேற்கே ஒரு வாசலில் கேட்ட கேள்வியை இன்னொரு வாசலிலும் கேட்கப் போகிறார்கள். திருப்பூர்ப் பனியனும் கரூர்ப் போர்வையும் அந்த வாசல்களைக் கடந்துதான் போக வேண்டும்.

ஆகவே, நாம் கேட்பது இது. அன்னிய நாட்டுச் சுங்க அதிகாரிகளுக்கு: தடை போடுமுன் அந்த ஆலையின் தொழிலாளரைக் கேளுங்கள், தடை நீக்குமுன்னும் அவர்களையே கேளுங்கள், முதலாளி வாடகைக்குப் பிடித்த தணிக்கைக்காரரின் தாளை நம்பாதீர்கள். நம் ஆட்சியாளருக்கு: ஆய்வாளரை ஆய்வாளராகவே அனுப்புங்கள், முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்புங்கள். ஆலை அதிபர்களுக்கு: சங்கத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். நாளை உங்கள் சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது உங்களுக்காகச் சாட்சி சொல்லப் போவது அந்தச் சங்கந்தான்.

தொழிலாளத் தோழர்களுக்கும் தோழியர்க்கும் ஒரு வார்த்தை. கூலிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மிகைநேர வேலையை நாள் தவறாமல் குறித்து வையுங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே பெண்களின் புகாரைக் கேட்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் ஆலையில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சங்கத்திலே சேருங்கள். தனியாய் நின்றவளின் குரல் ஆலையின் சுவரைத் தாண்டவில்லை. சேர்ந்து நின்றவர்களின் குரல் வாஷிங்டன் வரை கேட்டது.

அன்று பொதியின் மேல் மன்னனின் புலி பொறித்தார்கள். இன்று ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சட்டையின் மேலும் பொறிக்கப்பட வேண்டிய முத்திரை ஒன்று உண்டு. இதைத் தைத்தவள் அஞ்சாமல் தைத்தாள், முழுக் கூலி பெற்றாள், மாலையிலே பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாள் என்ற முத்திரை அது. அதைப் பொறிக்கும் அதிகாரம் எந்த ஆணையரின் நாற்காலியிலும் இல்லை. தைத்தவள் கையிலேதான் இருக்கிறது.