ஒரு படத்திற்கு ஒரே ஒளி

பயிரின் குறையை முதலில் அறிவிப்பது அதன் நிறமே. முதிர்ந்த இலைகள் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவென ஐயுறுகிறோம்; இளம் இலைகள் வெளுத்து நரம்புகள் மட்டும் பசுமையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவை நினைக்கிறோம். இவ்வாறு நிறத்தையே ஆதாரமாகக் கொள்ளும் நாம், அந்நிறத்தைத் தாங்கிவரும் வண்ணப் புகைப்படம் எந்த ஒளியில் எடுக்கப்பட்டது என்று கேட்பது அரிது. கலந்த ஒளியில் எடுத்த படம், நிறத்தைப் பொறுத்தவரை, சான்றாகாது என்பதே என் துணிபு.

காய்ச்சிய இரும்பு முதலில் செந்நிறமும், பின்னர் மஞ்சளும், மேலும் சூடேறினால் வெண்மையும் காட்டுவதைக் கொல்லன் பட்டறையில் காணலாம். இவ்வாறே, தன்மீது விழும் ஒளி முழுவதையும் உட்கொள்ளும் கரும்பொருள் ஒன்று எவ்வளவு சூடேறினால் ஓர் ஒளியின் நிறத்தைக் காட்டுமோ, அவ்வெப்பநிலையே அவ்வொளியின் நிற வெப்பநிலை எனப்படும். அதன் அலகு கெல்வின். வீட்டு இழைவிளக்கின் ஒளி ஏறக்குறைய 2,700 கெல்வின். நண்பகல் வெயில் ஏறக்குறைய 5,500. தெளிந்த வானின் ஒளி மட்டும் விழும் நிழல் 7,000க்கும் மேல். எண் குறைந்தால் ஒளி மஞ்சளையும், மிகுந்தால் நீலத்தையும் சாரும்.

நம் கண்ணும் மூளையும் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுவதால், வெள்ளைத்தாள் எங்கும் வெள்ளையாகவே தோன்றுகிறது. காமிராவிலும் வெண்மையைச் சமன்செய்யும் அமைப்பு உண்டு. ஆனால் அது படம் முழுவதற்கும் ஒரே திருத்தத்தையே செய்யும். மேசையின் இடப்புறம் சன்னல், வலப்புறம் மஞ்சள் விளக்கு என்று கொள்வோம். நடுவே வைத்த இலையின் ஒரு பாதி நீலம் பாய்ந்தும் மறுபாதி மஞ்சள் படர்ந்தும் படத்தில் விழும். அம்மஞ்சளைத் தழைச்சத்துக் குறைவெனக் கருதி யூரியா இடச் சொன்னால், வீண் செலவு உழவருடையது. நெல்லில் தழைச்சத்து மிகுந்தால் குலைநோயும் புகையானும் பெருகும் என்பதையும் நாம் அறிவோம்.

பின்னர்க் கணினியில் திருத்திக்கொள்ளலாமே எனச் சிலர் கூறுவர். ஒரே ஒளியில் எடுத்த படத்திற்கு அது பெரிதும் பொருந்தும். இரண்டு ஒளிகள் கலந்த படத்திலோ, மஞ்சள் பாதியைச் சரிசெய்தால் நீலப் பாதி மேலும் நீலமாகும். அன்றியும், படம் முழுவதையும் பசுமையே நிறைத்தால், காமிராவின் தானியங்கி அமைப்பு அப்பசுமையையே ஒளியின் குற்றமென மயங்கி, அதைக் குறைத்துவிடவும் கூடும்.

2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்திற்குப் பின் எல்.இ.டி. விளக்குகள் ஊர்தோறும் பரவியுள்ளன. 2,700 கெல்வின் விளக்கும் 6,500 கெல்வின் விளக்கும் ஒரே அறையில் எரியக்கூடும். இவற்றைப் பொருத்தும்போது கெல்வின் வேறுபாட்டை மட்டும் நோக்கினால் ஏமாறுவோம். பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்துக் கிடைக்கும் மைரெட் என்னும் அளவே கண்ணறியும் வேறுபாட்டுக்கு நெருங்கியது. 2,700க்கும் 3,000க்கும் இடையே 37 மைரெட். 6,200க்கும் 6,500க்கும் இடையே ஏறக்குறைய 7 மட்டுமே. இரண்டிலும் வேறுபாடு 300 கெல்வின்தான். எனினும் முன்னது கண்ணுக்குத் தெரியும், பின்னது அரிதாகவே தெரியும். கெல்வின் எண் ஒத்திருந்தாலும், நிறங்களை உள்ளவாறு காட்டும் திறன் குறைந்த விளக்கு பசுமையையும் செம்மையையும் திரித்துக் காட்டலாம்.

இதற்குச் செலவு மிகுந்த கருவிகள் வேண்டுவதில்லை. முதல் விதி, ஒரு படத்திற்கு ஒரே ஒளி: சன்னலொளி போதுமாயின் விளக்கை அணைத்துவிடுக, விளக்கே வேண்டுமாயின் சன்னலை மூடுக. காமிராவின் மின்னொளியை மஞ்சள் விளக்குடன் சேர்த்துப் பயன்படுத்த நேர்ந்தால், மின்னொளியின் முன் அதற்குரிய பழுப்பு மஞ்சள் நிறத்தாளை வைத்து இரண்டையும் ஒத்த நிறமாக்குக. இரண்டாவது விதி, பொருளின் அருகே நடுநிலைச் சாம்பல்நிற அட்டை ஒன்றை வைத்துப் படமெடுப்பது. எழுதும் தாள் அதற்கு ஈடாகாது. வெண்மைக்காக அதில் சேர்க்கப்படும் ஒளிர்பொருள் நீலச் சாயல் தரும்.

இவ்வொழுங்கு நமக்குப் புதிதன்று. நெல்லுக்குரிய இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துவோர், இலையின்மீது வெயில் படாதவாறு தம் உடலால் மறைத்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வேளையில், ஒருவரே அளவெடுக்க வேண்டுமென விதித்துள்ளனர். கண்ணால் ஒப்பிடுவதற்கே இத்துணை விதி வேண்டுமாயின், காமிராவால் ஒப்பிடுவதற்கு ஒரு விதியும் இல்லாதிருத்தல் முறையாகுமா?

ஆசிரியர்கள் சன்னலுக்கும் மஞ்சள் விளக்குக்கும் இடையே ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படமெடுத்து மாணவர்க்குக் காட்டுவார்களாக. நீண்ட விளக்கத்தைவிட அஃது அதிகம் கற்பிக்கும். களத்திலிருந்து படங்களைக் கேட்டுப் பெறும் அலுவலகங்கள், இடத்தையும் நாளையும் கேட்பதுபோல ஒளியையும் கேட்கட்டும். படிவத்தில் ஒரு வரி கூடுவதால் எவருக்கும் சுமையில்லை. அவ்வரி இல்லாமையால் நேரும் தவற்றின் சுமையைத் தாங்குபவர் உழவரே.