புதுவீட்டு வாசலும் சக்கர நாற்காலியும்: எங்கள் நிலைப்பாடு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வட்டாரத்தில் புதிதாகக் கட்டும் வீடுகள் உயர்ந்துகொண்டே போகின்றன. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், இரண்டடிப் பேஸ்மட்டம் போதாது, மூன்றடியாவது வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்கிறார்கள். சொல்வது நியாயம்தான். ஆனால் பேஸ்மட்டம் ஓரடி உயர்ந்தால் வாசலில் இரண்டு படி கூடும். அந்த இரண்டு படிக்கு அப்பால் நின்றுவிடுகிறவர்களுக்காக இந்த அறிக்கை.

எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது. சொந்தப் பணத்தில் கட்டினாலும் அரசுத் திட்டத்தில் கட்டினாலும், இனிக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் தரைத்தளத்துக்குப் படியேறாமல் போக ஒரு வழி இருக்க வேண்டும். தரைத்தளத்து நிலைகள் அனைத்திலும் சட்டம் போக மூன்றடித் திறப்பு வேண்டும். கழிப்பறை ஒன்றும் ஒரு கட்டில் போடும் இடமும் தரைத்தளத்திலேயே இருக்க வேண்டும். கழிப்பறைச் சுவர் கைப்பிடியைத் தாங்கும் வலுவோடு எழும்ப வேண்டும். இவை இல்லாத பிளானுக்கு அனுமதி தரக் கூடாது.

யாருக்காகக் கேட்கிறோம் என்பது இந்தக் கரையோரத்தில் விளக்கம் தேவைப்படாத விஷயம். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் இங்கே உண்டு. சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் கால் செயலிழந்தவர்களும் உண்டு. பக்கவாதம் வந்தவர்கள் எந்தத் தெருவில் இல்லை? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்தில், முதுகுத்தண்டு அடிபட்டவர் சக்கர நாற்காலியில் தானாக நகரவும் குளிக்கவும் பழகிக்கொள்ள முடிகிறது. பழகி ஊர் திரும்புகிறவரின் கழிப்பறைக் கதவு இரண்டரை அடி நிலை. இரண்டு பக்கச் சட்டமும் போனால் உள்ளே மிஞ்சுவது இரண்டு அடியும் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ. பல நாற்காலிகளின் அகலம் அதைவிடக் கூடுதல். கற்றுவந்த அத்தனையும் அந்தக் கதவோடு முடிந்துபோகிறது. பல வீடுகளில் அந்தக் கழிப்பறையும் மாடிப்படிக்குக் கீழே, வெளிப்புறத்தில்.

சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இருக்கிறது. அதன் 44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத பிளானுக்கு அனுமதி கூடாது என்றே சொல்கிறது. ஆனால் அது பேசுவது நிறுவனங்கள் கட்டும் கட்டடங்களைப் பற்றி. தன் இடத்தில் தனக்கென வீடு கட்டும் குடும்பம் அதில் வராது. 37-ஆம் பிரிவு அரசு வீட்டுத் திட்டங்களில் ஐந்து சதவீத ஒதுக்கீடு தருகிறது. ஒதுக்கப்படும் வீட்டின் வாசலில் எத்தனை படி என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரைகளாக விட்டிருந்த 15(1)-ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. அந்தக் கட்டாயம் வீட்டு வாசல் வரை வர வேண்டும் என்கிறோம்.

வருவதற்கான இடமும் தயாராக இருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பதால் அதை வரவேற்றவர்கள்தான் நாங்களும். ஆனால் எங்கள் வட்டாரத்தில் தனி வீடுகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் அடங்கிவிடும். அந்தச் சுயசான்று உறுதிமொழியில் இந்த நான்கு தேவைகளும் சேராவிட்டால், வேறெங்கு சேர்த்தும் பயனில்லை.

இனி, எங்களுக்குள்ளேயே அதிகம் வாதாடிய விஷயம். சாய்தளம் ஓரடி ஏறப் பன்னிரண்டடி ஓட வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவு. மூன்றடிப் பேஸ்மட்டம் என்றால் முப்பத்தாறு அடி, இடையே நின்று மூச்சுவிடும் சமதளம் தனி. இருபதடி முகப்பும் ஐம்பதடி நீளமும் உள்ள மனையில் இதற்கு எங்கே போவது? முன்பக்கம் முடியாது. பக்கச் சுவரை ஒட்டிய சந்தில் முடியும், கடைக்கால் தோண்டும் முன்பே அந்தச் சந்தை ஒதுக்கிவைத்தால். வீடு முடிந்த பிறகு பாருங்கள், அங்கே செப்டிக் டேங்க் மூடி இருக்கும், மோட்டார் இருக்கும், மாடிப்படி இறங்கியிருக்கும். பக்க இடைவெளியில் சாய்தளம் அமைக்கலாம் என்பதைக் கட்டட விதிகள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். வரிசையாகக் கட்டும் குடியிருப்புகளில் நான்கைந்து வீடுகளுக்குச் சேர்த்து ஓர் உயர்ந்த நடைபாதையும் ஒரே சாய்தளமும் போதும்.

வெள்ளத்தைக் காட்டி இந்த நிபந்தனையையே தள்ளிவைக்கலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. தண்ணீர் வரும் இரவில் கட்டிலோடு நான்கு பேர் தூக்க வேண்டியிருப்பவருக்குத்தான் படியில்லாத வழி முதலில் தேவை. இங்கிலாந்தில் 1999 அக்டோபர் முதல் புதுவீடுகளுக்கு இத்தகைய விதி நடைமுறையில் இருக்கிறது. செங்குத்தான மனைகளுக்கு மட்டும் படி வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. இங்கும் மிகச் சிறிய மனைக்கு விலக்கு தரலாம். ஆனால் வாசலுக்கு மட்டுமே தர வேண்டும். மூன்றடிக் கதவுக்கும் கீழ்த்தளக் கழிப்பறைக்கும் வெள்ளத்தோடு என்ன சம்பந்தம்?

உயரம் கூடுவதற்கு மழை மட்டும் காரணமில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவதால் தெரு ஏறுகிறது, தெரு ஏறினால் வீடும் ஏறுகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவை ஒவ்வொரு தெருவிலும் பேரூராட்சி கடைப்பிடிக்க வேண்டும்.

செலவைப் பற்றி. சொந்த வீட்டில் அகலமான நிலைக்கு ஆகும் கூடுதல் செலவு, முகப்பு அலங்காரத்துக்கு ஆவதைவிடக் குறைவு. அரசுத் திட்ட வீடுகள் வேறு கதை. கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய், வீடு 360 சதுர அடி. அதற்குள்ளேயே சாய்தளமும் கட்டு என்று முக்காணியில் கூலி வேலை செய்யும் குடும்பத்திடம் சொல்வதை நாங்கள் எதிர்க்கிறோம். சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் தனித்தொகை தர வேண்டும்.

படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. மூன்றோ ஐந்தோ, விருப்பம்போல் வைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் ஒரு வழி கேட்கிறோம், அவ்வளவே.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளை இடித்து மாற்றச் சொல்லவில்லை. விதி வரும்வரை காத்திருக்கப் போவதும் இல்லை. எங்கள் உறுப்பினர்களில் கொத்தனார்களும் பிளான் வரைபவர்களும் இருக்கிறார்கள். ஆத்தூர், முக்காணி, சேர்ந்தபூமங்கலம் பக்கம் வீடு கட்ட இருப்பவர்கள் பிளானைக் கொண்டுவந்தால், காசு வாங்காமல் பார்த்துச் சாய்தளமும் கதவும் குறித்துத் தருவார்கள். நிலைக்கு மரம் அறுக்கக் கொடுக்கும் முன்பு வாருங்கள்.