செக் விழுந்த இடத்தில் நிற்கலாமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

சதுரங்கத்தில் கணினி மனிதனை வென்றதற்கு வேகம் ஒன்றே காரணம் என்று விடுதி நண்பர்கள் சொல்வதுண்டு. 1997இல் நியூயார்க்கில் காஸ்பரோவை 3½–2½ என வென்ற டீப் புளூ, நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது உண்மைதான். ஆனால் வேகம் மட்டும் போதுமா? எங்கே நிற்கக் கூடாது என்று அறிவதே பெரிது என்பேன்.

ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்வுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரிக்கு ஏறத்தாழ 30 பதில்கள். ஆகவே எந்தக் கணினியும் ஓர் எல்லையில் நின்றே ஆக வேண்டும். எல்லை ஆறு நகர்வு என்று கொள்வோம். அதன் குதிரை தப்ப வழியின்றி மாட்டிக்கொண்டது. உடனே ஒரு சிப்பாயைப் பலிகொடுத்து எதிரி ராஜாவுக்குச் செக் வைக்கும். எதிரி பதில் சொல்லியே தீர வேண்டும். இரண்டு நகர்வு கழிந்தது. மீண்டும் ஒரு சிப்பாய், மீண்டும் ஒரு செக். குதிரை வெட்டுப்படுவது எல்லைக்கு அப்பால் போய்விடும். கண்ணில் படவில்லை, எனவே குதிரை பிழைத்தது என்று கணக்கிடும்! கடைசியில் சிப்பாய்களும் போகும், குதிரையும் போகும். இதற்கு 1973இல் 'அடிவான விளைவு' என்று பெயரிட்டவர் ஹான்ஸ் பெர்லினர்.

பரிகாரம் என்ன? செக் விழுந்தால் எல்லையை ஒரு நகர்வு நீட்டுவது. செக்குக்கு உள்ள வழிகள் மூன்றே: ராஜாவை நகர்த்தலாம், செக் வைத்த காயை வெட்டலாம், இடையில் ஒரு காயை நிறுத்தலாம். இரு காய்கள் சேர்ந்து வைத்த செக் என்றால் ராஜாவை நகர்த்துவது ஒன்றே வழி. கிளைகள் குறைவு, ஆதலால் ஆழமாகப் பார்க்க ஆகும் செலவும் குறைவு. செக்குகள் முடிவின்றித் தொடராதிருக்க வரம்பும் வைப்பார்கள். இதனால் அடிவானம் அழியாது, சற்றுத் தள்ளிப்போகும். டீப் புளூவும் வேகத்தோடு நில்லாமல் இத்தகைய நீட்சிகளைக் கையாண்டது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவின் தோட்டை அப்பா அடகு வைத்தார். அதை மீட்க இன்னோர் அடகு. "இந்த வருஷம் தாண்டினால் போதும்" என்பார். மூன்றாம் ஆண்டு வட்டியும் போயிற்று, தோடும் மூழ்கிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. பசி செக் வைக்கும்போது அன்றைய நகர்வுதான் கண்ணில் படும். ஆனால் அன்று இருந்த வழிகளும் இரண்டு மூன்றுதான். ஒவ்வொன்றையும் முடிவுவரை பார்த்திருந்தால், தோட்டை அன்றே விற்றுக் கடனை அடைத்து மீதியைக் கையில் வைத்திருக்கலாம்.

நண்பர்களே, தோற்ற தாளை அடுத்த பருவத்துக்குத் தள்ளும் நாமும் வீண் செக்தான் வைக்கிறோம். நெருக்கடியில் வழிகள் சில. அதனாலேயே அவற்றைக் கடைசிவரை பார்க்க நம்மால் முடியும். பார்ப்போமா?