வினாக்குறியாகும் தமிழ்: குற்றம் எவருடையது?

"கணினி தமிழை ஏற்பதில்லை" என்னும் கூற்று இன்னும் ஓய்ந்தபாடில்லை. இணையப் படிவத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதி விடுத்த ஒருவன், மறுநொடியே தன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் வினாக்குறிகள் வரிசையாக நிற்கக் கண்டு முறையிடுகின்றான் என்க. அவனுக்குக் கிடைக்கும் அறிவுரை யாது? "ஆங்கிலத்திலேயே எழுதிவிடுங்கள்" என்பதே. கூறுபவர் தம் சோம்பலை மறைக்கின்றார். கேட்பவனோ அதனை அறிவியல் என்று நம்பித் தலையாட்டுகின்றான். இவ்வாறு, ஓர் அமைப்புக் கோப்பில் விடுபட்டுப்போன ஒற்றை வரி, ஒரு பெருமொழியின் குறைபாடாகத் திரித்துப் பேசப்படுகின்றது. இத்திரிபு வேரோடு களையப்படல் வேண்டும்.

உண்மை நிலை என்ன? ஒருங்குறி, 1991-இல் வெளிவந்த தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதியை ஒதுக்கிவிட்டது. சாவா என்னும் நிரல்மொழியைச் சன் நிறுவனம் வெளியிட்டதோ 1995-இல். அம்மொழி பிறக்கும்போதே ஒருங்குறியைத் தன் எழுத்தடிப்படையாகக் கொண்டு பிறந்தது. அஃதாவது, சாவா பிறப்பதற்கு முன்பே தமிழுக்கு அங்கு இருக்கை இடப்பட்டாயிற்று. சாவாவில் எழுதப்பெற்ற வலைச்செயலிகளை இயக்கும் வழங்கிகளுள் பரவலாக அறியப்பட்டது தாம்கேட். அது சன் நிறுவனத்தில் உருவாகி, 1999-இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் மூலநிரல் எவரும் படித்துப் பார்க்கத்தக்கவாறு திறந்தே கிடக்கின்றது. தமிழுக்கெனத் தனித்தடை எதுவும் அதில் இல்லை.

தடை இல்லையெனின் வினாக்குறி எங்கிருந்து முளைக்கின்றது? கம்பியின் வழியே எழுத்துகள் செல்வதில்லை. பைட் எனப்படும் எண்ணுண்மிகளே செல்கின்றன. யூ.டி.எப்-8 என்னும் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மும்மூன்று எண்ணுண்மிகளாக உருக்கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. கண்ணுக்கு அதில் எழுத்து 3. ஒருங்குறியில் குறி 5. கம்பியில் எண்ணுண்மி 15. இப் பதினைந்தையும் எக் குறியாக்கத்தின்படி படித்தல் வேண்டும் என்பதை வழங்கிக்கு எடுத்துச் சொல்லல் வேண்டும். சொல்லாவிடின், வழங்கி தானே ஊகித்துக்கொள்ளும். பழைய வழங்கிகளின் ஊகம் இலத்தீன்-1 என்னும் ஐ.எசு.ஓ. 8859-1. அதில் உள்ள இடங்கள் மொத்தம் 256. அமர்ந்திருப்பவை மேலை ஐரோப்பிய எழுத்துகள். கேட்டின் வேர் இவ்வூகமே அன்றித் தமிழ் அன்று.

நோயை அறியாது மருந்திடுவார் பலர். வழங்கியை நிறுத்தி மீண்டும் தொடங்குவதும், கணினியையே அணைத்து ஏற்றுவதும் அவர் அறிந்த மருத்துவம். ஆனால், திரையில் தோன்றும் குறியே நோயின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வெறுங் கட்டங்கள் தோன்றினால் குறை பெரும்பாலும் பார்ப்பவர் கருவியில் உள்ள எழுத்துருவினுடையது, வழங்கியினுடையது அன்று. மேற்கோடு இட்ட உரோமன் எழுத்தும் வணிகப் பதிவுக் குறியும் மாறிமாறித் தோன்றினால், எண்ணுண்மிகள் பழுதின்றி வந்துள்ளன. படித்தவனே தவறாகப் படித்தான் என்பது பொருள். இதனைப் பெரும்பாலும் மீட்கலாம். வினாக்குறி தோன்றினாலோ, தமிழ்க் குறிக்கு இடமில்லாத ஒரு சிறு பெட்டிக்குள் அதனைத் திணிக்க முயன்று, இடங்காணாது எறிந்துவிட்டார்கள் என்பது பொருள். 'தமிழ்' என்பதற்கு ஈடாக 5 வினாக்குறிகள் நின்றால், சரியாகப் படிக்கப்பட்ட சொல் வெளியே எழுதப்படும்போது இழக்கப்பட்டது; 15 நின்றால், முதலில் எண்ணுண்மிகளாகச் சிதறிப் படிக்கப்பட்டுப் பின்னர் இழக்கப்பட்டது. வினாக்குறிகளை எண்ணிப் பார்க்கும் பொறுமை ஒன்றே பாதி மருத்துவமாகும்.

இனி, மருந்து. தமிழ்ச்சொல் கடந்து செல்லும் வாயில்கள் ஐந்து. முதல் வாயில், வலைப்பக்கம்: பக்கம் தன்னை யூ.டி.எப்-8 என்று அறிவித்தல் வேண்டும். உலாவி அக் குறியாக்கத்திலேயே படிவத்தை விடுக்கும். இரண்டாவது, முகவரி வரி: தாம்கேட்டின் 7-ஆம் பதிப்பு வரையில் இங்கு இலத்தீன் ஊகமே இருந்தது. அமைப்புக் கோப்பில் இணைப்பியின் வரியில் முகவரிக் குறியாக்கத்தை யூ.டி.எப்-8 எனக் குறித்தால் தீர்ந்தது. வழங்கிக்கு முன்னால் மற்றொரு வழங்கியை நிறுத்தியிருப்போர், 8080 வாயிலுக்கு மட்டும் குறித்துவிட்டு 8009 வாயிலை மறந்துவிடுதலும் உண்டு. அப்போது உள்ளிருந்து ஆய்பவர்க்குத் தமிழ் தெரியும். ஊரார்க்கு வினாக்குறியோ குப்பையோதான் தெரியும்.

மூன்றாவது, படிவத்தின் உடல்: இதற்குக் குறியாக்கத்தை நிறுவும் வடிகட்டி ஒன்று வேண்டும். அது பிற எல்லா வடிகட்டிகளுக்கும் முன்னே நிற்றல் வேண்டும். படிவத்தின் ஒரு மதிப்பை எவரேனும் படித்துவிட்ட பின்னர்க் குறியாக்கத்தை நிறுவுவது, நெல்லை விற்ற பின்னர் மரக்காலைத் திருத்துவது போன்றது. 2017-இல் வந்த சர்வ்லெட் 4.0 வரையறை, இதனைச் செயலியின் விளக்கக் கோப்பிலேயே ஒரு வரியில் எழுதிவிட இடந்தந்தது. நான்காவது, தரவுத்தளம்: மைசீக்குவெல் 8.0 வெளிவந்த 2018 வரையில் அதன் இயல்பான எழுத்துத்தொகுதி இலத்தீனே. அட்டவணையையும் இணைப்பையும் தமிழ் ஏற்கும் தொகுதிக்கு மாற்றுவது அமைப்பவர் கடமையாக இருந்தது. ஐந்தாவது, மறுமொழி: எழுதத் தொடங்குமுன்பே அதன் குறியாக்கத்தை அறிவித்தல் வேண்டும்.

இவ் ஐந்தனுள் நான்காம் வாயிலே உயிர்நிலை. திரையில் மட்டும் பிழை எனின் நாளை திருத்திக்கொள்ளலாம். தரவுத்தளத்தினுள் வினாக்குறியாகப் பதிந்துவிட்ட பெயரை எந்த அறிஞனாலும் மீட்க இயலாது. அங்கே இருப்பது வெறும் வினாக்குறியே, மறைந்திருக்கும் தமிழ் அன்று. அதனினும் கொடியது ஒன்றுண்டு. உள்ளே வரும்போது இலத்தீனாகத் தவறாகப் படித்து, வெளியே செல்லும்போதும் இலத்தீனாகவே எழுதினால், பிழையும் பிழையும் ஒன்றையொன்று மறைத்துத் திரையில் தமிழ் செம்மையாகவே தோன்றும். அமைத்தவர் மகிழ்ந்து கூலி பெற்றுச் சென்றுவிடுவார். பின்னர் ஒருநாள் ஒரு வாயிலை மட்டும் எவரேனும் திருத்த, அதுவரை சேர்ந்த பெயர்கள் அனைத்தும் ஒரே இரவில் குப்பையாகக் காட்சி தரும். ஆதலின், திரையில் தமிழ் தெரிகின்றது என்பது சான்றாகாது. தரவுத்தளத்தில் அச்சொல்லின் நீளம் 5 குறிகளா, 15 குறிகளா என்று அளந்து பார்த்ததே சான்றாகும்.

இவற்றைக் கண்டு, தமிழுக்கு எதிராக எவரோ சூழ்ச்சி செய்தனர் என்று கூக்குரலிடுவதும் அறிவுடைமை ஆகாது. கிரேக்கரும் உருசியரும் சீனரும் இதே இலத்தீன் ஊகத்தால் இடர்ப்பட்டவர்களே. அவர்கள் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை, குறையைச் சுட்டினர், திருத்தம் எழுதினர், மாற்றுவித்தனர். முகவரி வரியின் இயல்பான குறியாக்கம் 2014-இல், தாம்கேட்டின் 8-ஆம் பதிப்பில், யூ.டி.எப்-8 ஆயிற்று. செய்திக் கோப்புகளைத் தமிழெழுத்திலேயே எழுதும் உரிமை 2017-இல், சாவாவின் 9-ஆம் பதிப்பில் கிட்டியது; அதற்குமுன் ஒவ்வொரு தமிழ்க்குறியையும் எண்ணாக மாற்றியே எழுதவேண்டியிருந்தது. சாவாவின் இயல்பான எழுத்துத்தொகுதியே 2022-இல், 18-ஆம் பதிப்பில் யூ.டி.எப்-8 ஆகிவிட்டது.

அப்படியாயின் இனிக் கவலை இல்லையே எனலாம். அன்று. 8-ஆம் பதிப்பு திருத்தியது முகவரி வரியை மட்டுமே. படிவத்தின் உடலை அன்று. மேலும், புதிய பதிப்பு வெளிவந்தமையாலேயே பழைய வழங்கிகள் தாமே மாறிவிடுவதில்லை. புதிய வழங்கியை நிறுவினாலும் பழைய அட்டவணை பழைய அட்டவணைதான்.

ஆகலின் குற்றம் எவருடையது? மொழியினுடையது அன்று, கருவியினுடையதும் பெரிதன்று. அமைப்பவர், தம் செயலியை ஆயும்போது ஆங்கிலச் சொல்லை மட்டுமே இட்டு ஆய்ந்தமையே முதற்குற்றம். ஆங்கில எழுத்துகள் இலத்தீனிலும் யூ.டி.எப்-8-இலும் ஒரே எண்ணுண்மிகளாக இருத்தலின், அச்சொல் எல்லா வாயில்களையும் தடையின்றிக் கடந்துவிடும். பிழை ஒன்றும் வெளிப்படாது. உலக நாடுகளுக்கெல்லாம் வழங்கிகளை அமைத்துக்கொடுக்கும் பொறிஞர்களுள் தமிழர் எத்துணையோ பேர் உள்ளனர். பிறர் மொழியில் வினாக்குறி தோன்றினால் இரவெல்லாம் விழித்துப் பதிவுக் கோப்பைப் புரட்டுபவர், தம் மொழியில் தோன்றினால் மட்டும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுதல் எந்த வகை நேர்மை?

எனவே செய்யத்தக்கவை மூன்று. வழங்கி அமைக்கும் தமிழ்ப்பொறிஞர் எவரும், முதல் ஆய்வுச்சொல்லாகத் தமிழ்ச்சொல்லையே இட்டு ஆய்க. பணியை ஒப்படைப்போர், ஐந்து வாயில்களிலும் தமிழ் பழுதின்றிக் கடந்ததைக் கண்ணால் கண்டு, நீளத்தை அளந்த பின்னரே கூலி கொடுக்க. பொதுமக்கள், தம் பெயர் வினாக்குறியாகி வந்தால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பாது, அத் திரையைப் படமெடுத்து, எந்த நாள், எந்த நேரம், என்ன சொல் என்று குறித்து எழுத்தால் முறையிடுக. அக்குறிப்பு ஒன்றிருந்தால், பதிவுக் கோப்பில் பிழையின் இடத்தைத் தேடிச் செல்வது பொறிஞர்க்கு எளிதாகும். ஒருவன் விட்டுக்கொடுத்தால் அது அவன் பெயரோடு நிற்பதில்லை. அடுத்து வருபவனுக்கும் அவ் வினாக்குறியே காத்திருக்கும்.