பழைய பெரும்படக் கருவி: எதை வாங்குவது?

பள்ளி ஒளிப்படக் கழகத்திற்குப் பழைய பெரும்படக் கருவி ஒன்றை வாங்கலாமா எனப் பெற்றோர் சிலர் வினவினர். தாராளமாக வாங்கலாம். ஆனால், பெயர்ப் புகழை மட்டும் நம்பி வாங்கக்கூடாது என்பது என் கருத்து.

பலரும் நாடுவது அமெரிக்காவின் கிராஃபிளெக்ஸ் நிறுவனம் செய்த 'ஸ்பீடு கிராஃபிக்' கருவியை. 1945இல் ஈவோ ஜீமாவில் வீரர்கள் கொடியேற்றும் படத்தை ஜோ ரோசந்தால் எடுத்தது இதில்தான். இதன் பின்புறத்தில் துணித்திரை ஷட்டர் உண்டு. ஆகவே, ஷட்டர் இல்லாத பழைய லென்சையும் பொருத்தலாம். பெரும்பாலும் பழுதாகிக் கிடப்பதும் அத்திரையே! செப்பனிட ஆள் தேடி அலைய வேண்டும். மாணவர்க்கு அத்திரை இல்லாத, எடை குறைந்த 'கிரௌன் கிராஃபிக்' போதும்.

இனி லென்ஸ். இக்கருவிகளோடு அடிக்கடி வரும் 127 மி.மீ. எக்டார், 4×5 அங்குலப் பிலிம் தாளின் மூலைகளைத் தொட்டும் தொடாமலும் நிரப்பும். கோபுரம் சாயாமல் தெரிய லென்சைச் சற்று உயர்த்தினால் மூலை இருண்டுவிடும். ஷட்டருடன் கூடிய 150 மி.மீ. சிம்மார் கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குமுன் இருட்டறையில் துருத்திக்குள் கைவிளக்கை ஏற்றிப் பாருங்கள். வெளியே ஒளிப்புள்ளி தெரியக்கூடாது. லென்சில் பூஞ்சை இருக்கிறதா எனவும் நோக்குங்கள். நம் ஈரக்காற்றில் அது விரைந்து பரவும். ஒரு வினாடி வேகத்தில் ஷட்டர் திணறாமல் மூட வேண்டும்.

தாள் ஒன்றுக்கு ஒரே படம். எனவே, பெற்றோர் தரும் பணம் முழுவதையும் கருவியிலேயே கொட்டிவிடாதீர்கள். பிலிம் வாங்கப் பணமில்லாத கழகத்தில் கருவி அலமாரியில்தான் இருக்கும். மாணவர் கைக்கு வராது.