வேலை முடிந்த பிறகுதான் தொழுகையா?



சென்ற மாதத்தில் ஒரு நாள் பின்னேரம். அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஓர் இளந்தாய், இடுப்பில் கைக்குழந்தையும் முந்தானையைப் பிடித்தபடி மூன்று வயது மகளுமாகத் திருவலை இரவல் கேட்டு வந்தார். நான் வுழூச் செய்யப் போய்க் கொண்டிருந்தேன். "வாங்க மகள், ரெண்டு பேருமாத் தொழுதிட்டு எடுத்திட்டுப் போங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் பேசாமல் நின்றவர், "நான் தொழுது மூணு வருஷமாகுது மாமி" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மூத்த பிள்ளை பிறந்தபோது நாற்பது நாளைக்கென்று நிறுத்தியதாம். நாற்பது கழித்து முழுகிய பிறகு இன்று, நாளை என்று தள்ளிப் போயிருக்கிறது. "எந்த நேரமும் உடுப்பில பிள்ளைட மூத்திரம். தக்பீர் கட்டினா அழுகிறா. அடுப்பில ஒரு வேலை, கிணத்தடியில ஒரு வேலை. அவசரமா முட்டிக் குத்தி எழும்புற தொழுகையை அல்லாஹ் ஏத்துக் கொள்ளுவானா மாமி? அதுதான், பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும், வேலை குறையட்டும், அதுக்குப் பிறகு ஒழுங்காத் தொழுவம் எண்டு இருந்திட்டேன்."

சகோதரிகளே, இதை அந்தப் பிள்ளையுடைய குறையாக மட்டும் நான் எழுதவில்லை. நம்மில் எத்தனை பேர் "இந்த வேலையை முடித்துவிட்டு" என்று சொல்லிச் சொல்லியே லுஹரை அஸரின் வாசலிலும் மஃரிபை இஷாவின் வாசலிலும் கொண்டு போய் நிறுத்துகிறோம்! வீட்டு வேலை என்றைக்காவது முடிந்திருக்கிறதா? முடியாத ஒன்று முடியட்டும் என்று காத்திருந்தால் தொழுகையின் முறை எப்போது வரும்? தொழுகை குறித்த நேரங்களில் விதிக்கப்பட்ட கடமை என்றே அல்குர்ஆன் கூறுகிறது (4:103). நேரம் அதற்குரியது. வேலைதான் அதைச் சுற்றி ஒதுங்க வேண்டும்.

நமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் தொழுகை நேரங்கள் வருடம் முழுவதிலும் பெரிதாக முன்பின்னாவதில்லை. ஆகவே ஒருமுறை வீட்டு வேலைகளை ஐந்து வக்துகளுக்கு ஏற்ப ஒழுங்கு செய்து கொண்டால் அந்த ஒழுங்கு வருடம் முழுவதும் நிலைக்கும்.

உள்ளத்துக்கு

ஒரு குடும்பப் பெண் காலையிலிருந்து இரவு வரை எத்தனை பேருடைய சொல்லைக் கேட்கிறாள்! கணவனின் தேவை, பிள்ளைகளின் அழுகை, மாமியாரின் குறை, கடைக்காரனின் கணக்கு. அவளுடைய சொல்லைக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸ் குத்ஸியை நினைத்துப் பாருங்கள். அடியான் தொழுகையில் ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதும்போது ஒவ்வொரு வசனத்துக்கும் அல்லாஹ் மறுமொழி கூறுவதாகவும், அடியான் கேட்டது அவனுக்கு உண்டு என்று வாக்களிப்பதாகவும் அதில் வருகிறது. பர்ழான தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள். பதினேழு முறை நமது சொல்லுக்குச் செவி சாய்க்கப்படுகிறது. இதை விளங்கித் தொழுகிற பெண்ணுக்குத் தொழுகை ஒரு சுமையாகத் தோன்றுமா?

நபி (ஸல்) அவர்கள் தமக்கு ஏதேனும் கவலை நேர்ந்தால் தொழுகையின் பால் விரைபவர்களாக இருந்தார்கள். பிலால் (ரழி) அவர்களிடம் தொழுகைக்கு அழைக்கச் சொல்லும்போது அதனைத் தமக்கு ஓர் ஆறுதலாகவே குறிப்பிட்டார்கள். நாமோ கவலை தீர்ந்த பிறகு தொழலாம் என்று இருக்கிறோம். மருந்தை நோய் குணமான பிறகு குடிக்கலாம் என்று வைத்திருப்பவரைப் போல!

அந்த இளந்தாய் கேட்ட கேள்விக்கும் நமது மார்க்கத்தில் பதில் இருக்கிறது. நீண்ட நேரம் தொழுவிக்க எண்ணித் தொழுகையில் நின்ற நபியவர்கள், குழந்தை ஒன்றின் அழுகுரல் கேட்டதும், தாயின் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொண்டார்கள். தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்போது தூக்கிக் கொண்டார்கள். இவையெல்லாம் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்திகள். பிள்ளை அழும்போது சிறிய ஸூராக்களை ஓதிச் சுருக்கமாகத் தொழுவது குறையான தொழுகை அல்ல. ஆனால் ருகூஃவிலும் ஸுஜூதிலும் உடல் அமைதியாகத் தரித்து நிற்க வேண்டும். அதைக் குறைக்கக் கூடாது.

உடலுக்கு

தொழுகை ஓர் உடற்பயிற்சி என்று சிலர் மேடைகளில் பேசுவதுண்டு. அப்படிச் சொல்லி அதன் தகுதியைக் குறைத்துவிடக் கூடாது. முழங்கால் நோ தீரும் என்பதற்காக ஸுஜூது செய்கிறவர், நோ தீர்ந்ததும் விட்டுவிடுவார் அல்லவா? நாம் தொழுவது அல்லாஹ்வின் கட்டளை என்பதற்காகவே. ஆயினும் அவனுடைய கட்டளைகளில் நமது உடலுக்கும் நன்மை இருப்பதைக் கண்டு நன்றி சொல்வது தவறல்ல.

அடுப்படியில் மணிக்கணக்காக நிற்கிறோம். சிலர் தையல் இயந்திரத்தின் முன் குனிந்தபடியே இருக்கிறோம். அந்த முதுகுக்கும் கழுத்துக்கும் நின்று, குனிந்து, ஸுஜூது செய்து, அமர்ந்து எழும்புவது ஒரு மாறுதல். பர்ழில் மட்டும் நாளொன்றுக்கு 34 ஸுஜூதுகள் இருக்கின்றன. ஸுப்ஹுக்கு எழும்புகிற வீட்டில் இரவில் நேரத்தோடு படுக்கும் பழக்கம் தானாக வரும். நடுச்சாமம் வரை கைத்தொலைபேசியைப் பார்த்துக் கொண்டிருப்பவர்களுக்கு ஸுப்ஹுத் தொழுகை எவ்வளவு பெரிய மருந்து என்று சொல்லவும் வேண்டுமா?

வுழூவையும் மறந்துவிடக் கூடாது. கை, வாய், மூக்கு, முகம், கால் எல்லாம் ஒவ்வொரு நாளும் பலமுறை கழுவப்படுகின்றன. சீனி வருத்தம் உள்ள தாய்மாருக்கு இதில் ஒரு விசேட பயன் உண்டு. கால்களை நாளாந்தம் கவனித்துப் பார்க்கும்படி வைத்தியர்கள் அவர்களுக்குச் சொல்கிறார்கள். வுழூவில் கால் விரல்களைக் கோதிக் கழுவும்போதே சிறு காயம், வெடிப்பு, நிறமாற்றம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம். பிறகு விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். இன்னொரு விடயம்: நபியவர்கள் ஒரு முத்து அளவு நீரால், அதாவது ஏறக்குறைய முக்கால் லீற்றர் தண்ணீரால் வுழூச் செய்திருக்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக் கொண்டிருக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

முடியாதவர்களுக்கு மார்க்கம் கதவடைக்கவில்லை. நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அவர்களிடம், நின்று தொழும்படியும், இயலாவிட்டால் இருந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நபியவர்கள் கூறினார்கள். முழங்கால் நோயுள்ள உம்மாவும் நிறைமாதக் கர்ப்பிணியும் நிற்க இயலாதபோது கதிரையில் அமர்ந்து தொழுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

குடும்பத்துக்கும் அயலுக்கும்

தொழுகையைப் பாழாக்குபவர்களைக் கண்டிக்கும் ஸூரத்துல் மாஊனை நாம் சிறு வயதில் மனனமிட்டோம். அதன் முடிவை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? தொழுகையில் அலட்சியமாக இருப்போரையும் பிறருக்குக் காட்டத் தொழுவோரையும் சொல்லிவிட்டு, அற்பப் பொருளையும் கொடுக்க மறுப்பவர்களை அல்லாஹ் சேர்த்துச் சொல்கிறான். சட்டி, வாளி, கோடரி போன்ற இரவல் பொருட்களே இங்கு கருதப்படுபவை என இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அப்படியானால் நமது தொழுகைக்கும் பக்கத்து வீட்டார் கேட்டு வரும் திருவலைக்கும் தொடர்பு இருக்கிறது! கேட்டு வருபவர் முஸ்லிமாக இருந்தாலும், சிங்களச் சகோதரியாக இருந்தாலும், தமிழ்ச் சகோதரியாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கத் தூண்டாத தொழுகையில் எங்கோ ஒரு குறை இருக்கிறது. தொழுகை மானக்கேடானவற்றையும் தீயவற்றையும் விட்டுத் தடுக்கும் என்பது அல்லாஹ்வின் வாக்கு (29:45). ஸலாம் கொடுத்த வாயால் அடுத்த நிமிடமே புறம் பேசத் தொடங்குகிறோம் என்றால், நாம் எதைத் தொழுதோம் என்று நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும்.

நோன்பு காலத்தில் தராவீஹுக்காக ஒரு வீட்டில் கூடுகிறோம். மற்ற பதினொரு மாதங்களும் அந்த ஸஃப்பு கலைந்தே கிடக்கிறது. ஆயிஷா (ரழி), உம்மு ஸலமா (ரழி) ஆகியோர் பெண்களின் ஸஃப்பின் நடுவில் நின்று அவர்களுக்குத் தொழுவித்திருக்கிறார்கள். உம்மாவும் மகளும் மருமகளும் வீட்டில் ஜமாஅத்தாக ஒரு வக்தாவது தொழுது பாருங்கள். தோளோடு தோள் நின்ற மாமியும் மருமகளும் முஸல்லாவைச் சுருட்டியதும் சண்டை பிடிப்பது அவ்வளவு இலேசல்ல!

இங்கே சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும் தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குச் செல்வார்கள் என்றும் ஆயிஷா (ரழி) அவர்கள் கூறினார்கள். மனைவியைத் தொழும்படி ஏவுகிற கணவர், அவள் தொழும் பத்து நிமிடத்துக்குப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பாரானால் அந்த ஏவல் முழுமை பெறும்.

இனி என்ன செய்யலாம்?

அந்த இளந்தாய்க்குச் சொன்னவற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, தொழுகைக்கென்று சுத்தமான ஓர் உடுப்பைத் தனியாக ஆணியில் தொங்க விடுங்கள். வக்து வந்ததும் உடலில் பட்ட இடத்தைக் கழுவி, உடுப்பை மாற்றிக் கொண்டால் போதும். தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு உண்ணத் தொடங்காத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில், அந்த இடம் முழுவதும் படும்படி தண்ணீர் தெளித்தாலே போதும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். பெண் குழந்தையானாலும் உணவு உண்ணும் குழந்தையானாலும் கழுவ வேண்டும்.

இரண்டாவது, பிரசவத்துக்குப் பின் நாற்பது நாள் காத்திருக்க வேண்டும் என்பது பலரிடம் உள்ள தவறான எண்ணம். இரத்தம் எப்போது நின்றுவிட்டதோ அப்போதே குளித்துத் தொழுவது கடமை. அது பத்தாம் நாளானாலும் சரியே. ஷாபிஈ மத்ஹபில் நாற்பது வழமையான அளவு, அறுபது நாள் ஆகக்கூடிய அளவு.

மூன்றாவது, பாங்கு கேட்டதும் அடுப்பை அணையுங்கள் அல்லது தணியுங்கள். உணவு பரிமாறப்பட்டு, பசியும் இருந்தால், நேரம் தவறிப்போகாதென்றால், முதலில் உண்டுவிட்டே தொழலாம். மனம் சட்டியில் இருக்க உடல் முஸல்லாவில் நிற்பதை விட அது மேல்.

நான்காவது, விடுபட்டவற்றை எண்ணி மலைக்க வேண்டாம். தௌபாச் செய்துவிட்டு, இன்றைய வக்தை இன்றே தொழுங்கள். ஒவ்வொரு பர்ழோடும் ஒரு கழாவைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

அன்று அவர் என் வீட்டிலேயே வுழூச் செய்தார். என்னுடைய தொழுகை உடுப்பைக் கொடுத்தேன். குழந்தையை நான் வைத்துக் கொண்டேன். ஸுஜூதில் அவர் நெடுநேரம் இருந்தார். அவர் முடித்த பின் குழந்தையை வாங்கிக் கொள்ள, நான் தொழுதேன்.

சென்ற வாரம் திருவலையைத் திருப்பித் தர வந்திருந்தார். "ஸுப்ஹு இன்னும் சில நாள் தவறுது மாமி. மத்ததெல்லாம் அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு சிரித்தபடி மூத்தவளைக் காட்டி, "இப்ப பாங்கு சொன்னா நான் மறந்தாலும் இவ முஸல்லாவை இழுத்திட்டு வாறா" என்றார்.

சகோதரிகளே, அந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவள் உம்மாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஏழு வயதில் தொழும்படி ஏவ வேண்டிய பிள்ளைகள், அதற்கு முன்னரே நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நம்மை எங்கே காண்கிறார்கள்?

இந்தப் பக்கத்தை வாசித்து முடிக்கும்போது பாங்கு கேட்டால், சஞ்சிகையை மடித்து வைத்துவிட்டு எழும்புங்கள். மீதி வேலை அங்கேயே இருக்கும். நம் அனைவரையும், நமது சந்ததிகளையும் தொழுகையை நிலைநாட்டுபவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.